பேடில்போர்டின் ராக்கர் வளைவு: மூக்கு உயரம் மட்டும் தெரிந்தால் போதாது

ஒரு பேடில்போர்டை, அதாவது மேலே நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போகும் நீளப் பலகையை, சிமென்ட் தரையில் வைத்துவிட்டு, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். நடுப்பகுதி தரையோடு படிந்திருக்கும். முன்னால் போகப் போகப் பலகைக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரியும். அது அகலமாகிக்கொண்டே போய், மூக்கு முனைக்கு அடியில் ஒரு கையை முஷ்டியோடு நுழைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். வால் பக்கமும் இதே கதைதான், ஆனால் இடைவெளி பாதிகூட இருக்காது. அந்த வெளிச்சக் கீற்றின் வடிவத்துக்குத்தான் ராக்கர் என்று பெயர். சாய்ந்தாடும் நாற்காலியின் அடியில் வளைந்த கட்டை இருக்கிறதே, அதையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே பலகை செய்ய இறங்குகிறவர்கள் நீளம், அகலம், பருமன் மூன்றையும் நன்றாகவே யோசிக்கிறார்கள். ராக்கர் என்று வரும்போது மட்டும், “மூக்கை எவ்வளவு தூக்கணும்?” என்ற ஒரே கேள்வியோடு யோசனை நின்றுவிடுகிறது. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இரண்டு பலகைகள் செய்து, தண்ணீரில் போட்டு, மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் புரிந்தது: மூக்கு உயரம் இரண்டாவது கேள்வி. வளைவு எந்த இடத்தில் கிளம்புகிறது, எவ்வளவு சீராக ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரே மூக்கு உயரம் உள்ள இரண்டு பலகைகளில் ஒன்று சமர்த்தாக வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும்.

ஒரு சின்ன ஒப்பீடு. 6 அடி சர்ஃப் பலகையில் மூக்கு 5 அங்குலம், அதாவது 13 செ.மீ. அளவுக்குத் தூக்கியிருப்பது சாதாரணம். 12½ அடி பேடில்போர்டிலும் அதே 13 செ.மீ. இருக்கலாம். எண் ஒன்றுதான். முன்னதில் அந்த உயரம் 90 செ.மீ. ஓட்டத்துக்குள் ஏறியாக வேண்டும். பின்னதில் அதற்கு இரண்டு மீட்டர் இடம் இருக்கிறது. தண்ணீருக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு வளைவுகள்.

தட்டையாகவே விட்டால் என்ன?

நியாயமான கேள்வி. காற்றில்லாத காலையில், அலையே இல்லாத ஏரியில், நேர்கோட்டில் மட்டும் போவதென்றால் கிட்டத்தட்டத் தட்டையான பலகைதான் நல்ல பலகை. ஏரியிலும் ஆற்றிலும் ஓடும் பந்தயப் பலகைகளைப் பக்கவாட்டில் பார்த்தால் வளைவு இருக்கிறதா என்று சந்தேகமே வரும்.

சிக்கல் அலையில் தொடங்குகிறது. அலை என்பது நகரும் பள்ளமும் மேடும். பலகை ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது அதன் மூக்கு அடுத்த மேட்டின் அடிவாரத்தை நோக்கிப் போகிறது. மூக்கு தட்டையாக இருந்தால் அந்த மேட்டுக்குள்ளேயே குத்தும். மேல்தளத்தில் தண்ணீர் ஏறும், பலகை திடீரென்று நிற்கும், நிற்கிறவர் அதே வேகத்தில் முன்னால் பறப்பார். சர்ஃபிங் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் முத்துக் குளித்தலைக் குறிக்கும் சொல். மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்த யாருக்கும் அந்தப் படம் உடனே மனதில் வந்துவிடும்: தலைகீழாக, நேராக, அடிக்கு.

டாம் பிளேக் என்ற அமெரிக்கர் உள்ளே கூடாக இருக்கும் மரப் பலகையை வடிவமைத்து 1932ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டமும் குறுக்குக் கட்டைகளும் வைத்து, மேலே மெல்லிய பலகை மூடிச் செய்யும் முறை அது. இன்று நாம் பிளைவுட்டில் வீட்டில் செய்வதும் ஏறக்குறைய அதே முறைதான். கடற்கரை உயிர்காப்பாளர்கள் அந்தப் பலகைகளை நெடுங்காலம் விரும்பிப் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் எடை குறைவு, நேராகவும் வேகமாகவும் ஓடும். ஆனால் அடிப்புறம் ஏறக்குறையத் தட்டை. செங்குத்தான அலையில் இறங்கும்போது மூக்குக் குத்துவது அந்தக் காலப் பலகைகளின் தீராத வியாதி. 1940களில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் பலகைகளின் முன்முனையில் துண்டு ஒட்டி மூக்கைத் தூக்கினார். அங்கிருந்துதான் ராக்கர் என்பது வேண்டுமென்றே வடிவமைக்கிற விஷயமாக அந்தக் கரையில் பேசப்பட ஆரம்பித்தது.

நம் கரையில் இதைப் பேசாமலே செய்திருக்கிறார்கள். சோழமண்டலக் கடற்கரையில் துறைமுகம் இல்லாத மணற்கரையிலிருந்து, உடைகிற அலைக்கு நேராக இறக்கப்பட்டது கட்டுமரம். அதன் அணியத்தைப் பாருங்கள். முன்னால் வரும் மரங்கள் ஒடுங்கி மேல்நோக்கி எழும்பியிருக்கும். இன்று கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளில் மூக்கு இன்னும் உயரம். அலையைத் தாண்டிப் போக வேண்டிய எதற்கும் முன்புறம் எழும்பியிருக்க வேண்டும் என்பதைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் நிறைய வளைத்துவிடலாமே?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வளைவு இலவசமாகக் கிடைப்பதில்லை. என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்க ஒரு கரண்டி போதும்.

சமையலறைக் குழாயைச் சீராகத் திறந்து விடுங்கள். ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் குமிழ்ந்த முதுகை மெல்லத் தண்ணீர்க் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. தொட்ட நொடியில் கரண்டி தண்ணீருக்குள் இழுக்கப்படும், அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் அந்தக் குமிழ்ந்த முதுகை ஒட்டி வளைந்து ஓடுகிறது. தண்ணீர் ஒரு பக்கம் வளைக்கப்படுவதால் கரண்டி எதிர்ப்பக்கம் இழுபடுகிறது.

பேடில்போர்டின் அடிப்புறம் அந்தக் கரண்டியின் முதுகுதான். நீங்கள் துடுப்புப் போட்டு முன்னேறும்போது தண்ணீர் மூக்கிலிருந்து வால்வரை அந்த வளைவை ஒட்டி ஓடுகிறது. வளைவு கூடக் கூட, பலகையைக் கீழே இழுக்கும் விசையும் கூடும். வேகம் எடுத்தால் அதிகம் வளைந்த பலகை பின்புறமாக உட்காரும், மூக்கு இன்னும் மேலே போகும், உங்கள் உழைப்பு தண்ணீரைக் கிளறுவதில் போகும். வால் பக்கம் திடீரென்று வளைத்தால் இது இன்னும் மோசம்.

இரண்டாவது விலை, தண்ணீர் தொடும் நீளம். மூக்கும் வாலும் மேலே எழும்பியிருந்தால் அந்த அளவுக்குப் பலகை தண்ணீரைத் தொடவில்லை. பலகை எவ்வளவு நீளம் என்று கடையில் எழுதியிருப்பது வேறு, தண்ணீருக்குத் தெரிகிற நீளம் வேறு. வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

ஏன் என்று கேட்டால், தண்ணீரை விலக்கிப் போகும் எந்தப் படகும் தன் கூடவே ஓர் அலையை உண்டாக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடினால் அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீர்மட்ட நீளமும், அதாவது தண்ணீர் தொடும் நீளமும், ஒன்றாகிவிடும். அப்போது மூக்கு ஒரு முகட்டிலும் வால் அடுத்த முகட்டிலும் இருக்கும். அதற்கு மேல் வேகம் எடுத்தால் பின்முகடு வாலைத் தாண்டி நழுவிப் போகும், வால் பள்ளத்தில் இறங்கும். நீங்கள் உண்டாக்கிய அலையின் சரிவில் நீங்களே மேடேற வேண்டியிருக்கும். அந்த வேகத்தைக் கணக்கிடுவது எளிது: நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். அதைத் தாண்டவே முடியாது என்றில்லை. ஆனால் அதை நெருங்க நெருங்க ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் கை வலிக்கும்.

மூன்றாவது விலை காற்று. தூக்கிய மூக்கு ஒரு சின்னப் பாய் மாதிரி. எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும் அது பலகையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். முட்டுக்காடு மாதிரி காயலில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்ததும் இது புரியும்.

இத்தனைக்கும் நடுவே வளைவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வளைந்த பலகை சுலபமாகத் திரும்பும். தட்டைப் பலகை தண்டவாளத்தில் ஏறிய ரயில் மாதிரி, நேராகப் போவதையே விரும்பும். ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குத் திறந்த கடலில் சுமார் 52 கி.மீ. துடுப்புப் போடும் பந்தயம் 1997 முதல் நடக்கிறது. அங்கே கடல்வீக்கத்தின், அதாவது தூரத்திலிருந்து உருண்டு வரும் நீண்ட அலைகளின், சரிவுகளில் மாறி மாறி இறங்கி ஓட வேண்டும். ஆகவே அந்தப் பலகைகளில் மூக்குப் பக்கம் வளைவு தாராளமாக இருக்கும். அதே வீரர் ஏரிப் பந்தயத்துக்கு அந்தப் பலகையைக் கொண்டுவர மாட்டார்.

ஆகவே பென்சிலை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பலகை பெரும்பாலும் எந்தத் தண்ணீரில் இருக்கப்போகிறது? ஆசைப்படுகிற தண்ணீர் வேறு, வாரத்தில் மூன்று நாள் நிஜமாகவே போகிற தண்ணீர் வேறு. இரண்டாவதுக்கு வடிவமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம்

380 செ.மீ. நீளம், 76 செ.மீ. அகலம். ஏரி, காயல், அமைதியான கடற்கரை ஆகியவற்றுக்கு. நிற்கிறவர் 75 கிலோ, பலகை 15 கிலோ. ஆக மொத்தம் 90 கிலோ. மிதக்க வேண்டுமானால் பலகை 90 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் பள்ளிக்கூடத்தில் சொன்னது அவ்வளவுதான்.

முதலில் மிகத் தாழ்ந்த புள்ளியை முடிவு செய்ய வேண்டும். இதைச் சரிநடுவில் வைப்பது வழக்கமான தவறு. நான் வாலிலிருந்து 170 செ.மீ. தூரத்தில், அதாவது சரிநடுவுக்கு 20 செ.மீ. பின்னால் வைக்கிறேன். அலையைச் சந்திக்கிற முன்பக்கத்துக்கு நீளமான, நிதானமான ஏற்றம் வேண்டும் என்பதால்தான். நீங்கள் நிற்கும் இடமும் கிட்டத்தட்ட அந்தப் புள்ளிக்கு மேலேயே அமையும். நிற்கிற இடமும் தாழ்ந்த புள்ளியும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போனால், பலகை எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டோ வாலைத் தூக்கிக்கொண்டோதான் மிதக்கும். நீங்கள் வரைந்த ராக்கர் ஒன்று, தண்ணீர் பார்க்கிற ராக்கர் வேறொன்று ஆகிவிடும்.

அங்கிருந்து மூக்கு வரை 210 செ.மீ. மூக்கு உயரம் 13 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். நடுவில் எப்படி ஏற வேண்டும்? நேர்க்கோடாக ஏறினால் நடுவில் ஒரு முறிவு விழும். வட்டத்தின் வில்லாக ஏறினால், நடுவிலிருந்தே சமமாக வளைந்து பலகை தொட்டில் மாதிரி ஆடும். நமக்கு வேண்டியது நடுவில் ஏறக்குறையத் தட்டையாகத் தொடங்கி, முன்னே போகப் போக வளைவு கூடிக்கொண்டே போகிற கோடு. நான் தூரத்தை 210ஆல் வகுத்து, வந்த எண்ணை இரண்டரை அடுக்குக்கு உயர்த்தி, 130ஆல் பெருக்கினேன். கால்குலேட்டர் போதும். தாழ்ந்த புள்ளியிலிருந்து 30 செ.மீ. முன்னால் 1 மி.மீ. உயரம், 60ல் 6 மி.மீ., 90ல் 16, 120ல் 32, 150ல் 56, 180ல் 88, 210ல், அதாவது மூக்கு முனையில், 130 என்று கிடைத்தது.

இந்த எண்களைச் சோதிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள்: 1, 5, 10, 16, 24, 32, 42. அந்த வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் எழுதுங்கள்: 4, 5, 6, 8, 8, 10. ஏறிக்கொண்டே போகிறது, எங்கும் இறங்கவில்லை. கோடு சீராக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது 120 செ.மீ.யில் கை தவறி 32க்குப் பதில் 38 என்று குறித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வெறும் 6 மி.மீ., தச்சர் கணக்கில் இரண்டு நூல். முதல் வித்தியாசம் 1, 5, 10, 22, 18, 32, 42 என்று மாறும். இரண்டாவது 4, 5, 12, –4, 14, 10. அந்தக் கழித்தல் குறியைப் பார்த்தீர்களா? பலகையின் அடியில் அந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது என்று அது சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிசகு தாளில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. இரண்டு வரிக் கழித்தல் கணக்குக்கு இவ்வளவு பலன் கிடைப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வால் பக்கமும் இதே முறையில், 170 செ.மீ. தூரத்துக்கு 6 செ.மீ. உயரம்: 30ல் 1 மி.மீ., 60ல் 4, 90ல் 12, 120ல் 25, 150ல் 44, முனையில் 60.

வாலுக்கு 6 என்பது எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து வந்தது. மூக்கும் வாலும் ஒடுங்குவதால் இந்தப் பலகையின் சராசரி அகலம் சுமார் 65 செ.மீ. இருக்கும். மேலே சொன்ன வளைவோடு கணக்குப் போட்டால், தாழ்ந்த புள்ளி 6 செ.மீ. அமிழும்போது விலகும் தண்ணீர் ஏறக்குறைய 90 லிட்டர். ஓரங்களின் உருட்டை இதில் சேர்க்கவில்லை, ஆகவே உத்தேசக் கணக்குதான். 90 கிலோவுக்கு 90 லிட்டர். பலகை 6 செ.மீ. ஆழத்தில் நிற்கும். வால் முனையும் 6 செ.மீ. உயரத்தில் இருப்பதால், அது தண்ணீரின் மட்டத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். மெதுவாகத் துடுப்புப் போடும் பலகைக்கு இதுதான் வேண்டும். வெட்டிய வால் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அதன் பின்னே சுழல் உண்டாகிப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். வால் மட்டத்துக்கு மேலே நிறையத் தூக்கியிருந்தால் நீர்மட்ட நீளம் வீணாகக் குறையும்.

மூக்குப் பக்கம், அதே 6 செ.மீ. உயரத்தை வளைவு எட்டுவது சுமார் 154 செ.மீ. தூரத்தில். ஆக நீர்மட்ட நீளம் 170ம் 154ம் சேர்ந்து 324 செ.மீ. 3.24ன் வர்க்கமூலம் 1.8, 4.5ஆல் பெருக்கினால் மணிக்கு 8.1 கி.மீ. முழு 380ம் தண்ணீரைத் தொட்டிருந்தால் 8.8 கி.மீ. வந்திருக்கும். அந்த 0.7 கி.மீ.தான் மூக்குக் குத்தாமல் இருக்க நாம் கொடுக்கும் விலை. காயலுக்கும் சின்ன அலைக்கும் இது நியாயமான விலை என்று நினைக்கிறேன்.

நீங்கள் இன்னும் எடை கூடியவர் என்றால்? இந்த அளவுள்ள பலகை 10 கிலோ கூடினால் ஏறக்குறைய அரை செ.மீ. கூடுதலாக அமிழும். 95 கிலோ ஆள் நின்றால் ஒரு செ.மீ. அவருக்கு வால் 7 செ.மீ. இருக்கலாம். எடை என்ன என்று கேட்காமல் ராக்கர் எண் கொடுப்பவரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ரீப்பர் கட்டையும் ஆணியும்

எண்கள் முப்பது செ.மீ.க்கு ஒன்றுதான். நடுவே உள்ளதைக் கோடுதான் நிரப்ப வேண்டும். அதற்குக் கணினி வேண்டாம். மரவாடியில் முடிச்சில்லாத நல்ல நேர் ரேகை ஓடும் மரத்திலிருந்து 4 மீட்டருக்கு மேல் நீளமான மெல்லிய ரீப்பர் அறுத்து வாங்குங்கள். முடிச்சு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வளையாமல் முரண்டு பிடிக்கும், கோடு கெட்டுவிடும்.

6 மி.மீ. பிளைவுட்டில் வரையலாம். ஒரு தாள் 8 அடிதான், ஆகவே இரண்டை இணைக்க வேண்டும். இணைத்த பிறகுதான் அடிக்கோட்டை நூல் பிடித்துப் போட வேண்டும், முன்னால் அல்ல. இணைப்பில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மூக்கில் அது மூன்றரை செ.மீ. வித்தியாசமாக வந்து நிற்கும். கணக்கில் மில்லிமீட்டர் பார்த்துவிட்டு இங்கே கோட்டை விட்டால் எல்லாம் வீண்.

அடிக்கோட்டிலிருந்து ஒவ்வொரு 30 செ.மீ.யிலும் உயரத்தைக் குறித்து, குறியில் சின்ன ஆணி அடியுங்கள். ரீப்பரை ஆணிகளை ஒட்டி வளைத்து, எதிர்ப்பக்கமும் சில ஆணிகள் கொடுத்து நிறுத்துங்கள். இனி கையை எடுத்துவிட்டு, ஒரு முனைக்குப் போய், மண்டி போட்டு, ஒற்றைக் கண்ணால் ரீப்பரின் நீளவாக்கில் பாருங்கள். கதவுச் சட்டம் கோணலா என்று ஆசாரி பார்ப்பாரே, அதே பார்வை. நாலு மீட்டர் வளைவும் ஒரு சாண் நீளத்துக்குச் சுருங்கித் தெரியும். எங்காவது மேடு, பள்ளம், முறிவு இருந்தால் உடனே கண்ணில் குத்தும்.

குத்தினால், அந்த இடத்து ஆணியைப் பிடுங்குங்கள். ரீப்பர் தானாக ஒரு இடத்துக்குத் துள்ளி நகரும். மரம் தன் இயல்பில் தேர்ந்தெடுக்கும் வளைவு அது. பெரும்பாலும் அதுதான் சரியானது. குறித்த எண்ணுக்கும் ரீப்பர் நிற்கும் இடத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் நான் ரீப்பர் பக்கம்தான் நிற்பேன். பத்து மில்லிமீட்டர் வந்தால் எண்ணை மறுபடி பார்க்க வேண்டும், எங்கோ தப்பாகக் குறித்திருக்கிறோம். பென்சிலை ரீப்பரோடு ஒட்டி ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டுவிட்டு, அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலையில் புதுக் கண்ணோடு பார்த்தால் நேற்றுத் தெரியாத ஒரு சின்ன மேடு தெரியும். எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது.

ஏற்கெனவே உள்ள ஒரு நல்ல பலகையின் ராக்கரை நகலெடுக்க விரும்பினால், அதைக் கவிழ்த்துப் போட்டு, தாழ்ந்த புள்ளியைத் தொடும்படி நீளமான அலுமினியக் குழாயைப் படுக்க வைத்து, 30 செ.மீ.க்கு ஒரு முறை இடைவெளியை அளந்து எழுதுங்கள். சிலர் மூக்கு முனைக்கும் வால் முனைக்கும் நூல் கட்டி, நடு ஆழத்தை மட்டும் அளந்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள். நம் பலகையை அப்படி அளந்தால் 9½ செ.மீ. வரும். நம் 13ஐயும் 6ஐயும் அந்த எண்ணிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால் எப்படி அளந்தது என்று முதலில் கேளுங்கள்.

மேல்தளத்தின் கோடு தனி. அடிப்புறத்தின் நகலாக அதை வரைய வேண்டியதில்லை. நிற்கும் இடத்தில் 12 செ.மீ. பருமன் கொடுத்து இரு முனைக்கும் ஒடுக்கிக்கொண்டு போகலாம். கால் வைக்கும் ஒரு மீட்டர் மட்டும், பலகை மிதக்கும் நிலையில் சமமட்டமாக இருக்கட்டும். சரிவில் ஒரு மணி நேரம் நின்றால் கெண்டைக்கால் சொல்லும்.

தாளிலிருந்து பலகைக்கு

கோடு நன்றாக வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்கிற இடத்தில்தான் ராக்கர் காணாமல் போகும்.

பிளைவுட் கூடு செய்கிறவர்கள் அந்தக் கோட்டையே முதுகெலும்புப் பலகையாக வெட்டி, 30 செ.மீ.க்கு ஒரு விலாச் சட்டம் பொருத்துவார்கள். சட்டம் மட்டும் இருக்கும்போது அது ஓலைப்பாய் மாதிரி எந்தப் பக்கமும் நெளியும். அடித்தோலையும் மேல்தோலையும் ஒட்டியதும் கல்லாகிவிடும். எந்த நிலையில் ஒட்டினோமோ அந்த நிலையில். ஆகவே ரசமட்டம் பார்த்துச் சமமாக்கிய ஒரு நீள மேடையில், ராக்கர் வடிவத்துக்கே வெட்டிய தாங்கிகள் மேல் சட்டத்தை அழுத்திக் கட்டி வைத்துத்தான் ஒட்ட வேண்டும். வளைவு மட்டுமல்ல, முறுக்கும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். மூக்குப் பக்கம் ஒரு நேர்க்கட்டை, வால் பக்கம் ஒரு நேர்க்கட்டை குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்போடு மற்றொன்றைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் பலகை முறுகியிருக்கிறது. முறுகிய பலகை வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகவே ஓடும்.

தெர்மாகோலில் செய்கிறவர்களுக்கு வெட்டுவது எளிது. கட்டியின் இரு பக்கமும், அந்த ராக்கர் கோட்டுக்கே வெட்டிய ஒரே மாதிரி வார்ப்புப் பலகை ஒட்டி, சூடேற்றிய நைக்ரோம் கம்பியை இரண்டு பேர் ஒரே வேகத்தில் இழுத்தால் வளைவு வெண்ணெயில் கத்தி போன மாதிரி வந்துவிடும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகை நல்லதல்ல. பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் உதவாது. கன மீட்டருக்கு 20 முதல் 32 கிலோ எடையுள்ளது வேண்டும். பூசுவதற்கு எபாக்ஸி ரெசின்தான், பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்.

என் இரண்டாவது பலகையில் வெட்டு அற்புதமாக வந்தது. ஃபைபர் கிளாஸ் போடுவதற்காகக் கவிழ்த்து, மூக்குக்குக் கிட்டே ஒரு முக்காலி, வாலுக்குக் கிட்டே ஒரு முக்காலி வைத்து, அடிப்புறத்துக்கு ரெசின் தடவிவிட்டுத் தூங்கப் போனேன். ஈரமான ரெசினின் எடையில் நடுப்பகுதி இரவு முழுக்கத் தொய்ந்திருக்கிறது. காலையில் அளந்தபோது 2 செ.மீ. போய்விட்டிருந்தது, மூக்கு 13லிருந்து 11, வால் 6லிருந்து 4. ரெசின் இறுகிவிட்டதால் திருத்த வழியில்லை. அந்தப் பலகையில் இன்றைக்கும் வால் முங்கித்தான் ஓடுகிறது, பின்னால் களகளவென்று சுழல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது நான்கு இடத்தில் தாங்கி வைக்கிறேன், மேல்தளத்தின் வளைவுக்கே வெட்டி எடுத்து. கட்டியை வெட்டும்போது மிஞ்சிய மேல்துண்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் அதுவே அச்சு அசலான தொட்டில். ரெசின் தடவுவதற்கு முன் ஒரு முறையும், தடவிய பிறகு ஈரமாக இருக்கும்போதே ஒரு முறையும் வார்ப்புப் பலகையை வைத்துப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்துக்குள் தெரிந்தால் திருத்திவிடலாம்.

முதல் முறை தண்ணீரில் இறக்கும்போது நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காற்றில்லாத நேரமாகப் பார்த்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். அவர் கரையில் உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கட்டும். அந்தப் படத்தில் இரண்டு இடம் பாருங்கள்: மூக்குப் பக்கம் பலகை தண்ணீரை விட்டு எழும்பும் இடம், வால் முனையில் தண்ணீர் நிற்கும் இடம். வால் முங்கியிருந்தால் அரை அடி முன்னால் நகர்ந்து நின்று இன்னொரு படம், மூக்கு முங்கினால் பின்னால் நகர்ந்து ஒன்று. வால் மட்டத்தைத் தொட்டு நிற்கும் நிலை கிடைத்ததும், உங்கள் கால் இருந்த இடத்தையும் மூக்கில் நீர் முடிந்த இடத்தையும் பலகை மேலேயே மார்க்கரால் குறித்து, தேதி போட்டு, அன்றைய உங்கள் எடையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பலகைக்கு ரீப்பரை வளைக்கும்போது முதல் ஆணி அந்தக் குறியிலிருந்துதான் தொடங்கும்.